கிரகண இரவில் மூடிய யன்னலுக்குள் இருந்து கதைத்தது யார்?

பேய், முனி, கழிப்பு, கண்ணூறு, இதில் ஒன்றையும் நான் நம்பினவன் இல்லை. இதை முதலே சொல்லிப்போட்டுத்தான் தொடங்குகிறேன். ஏனென்றால் முழுவதையும் கேட்டுவிட்டு, உந்த மனுசனுக்கு வயது போட்டுது என்று நீங்கள் சொல்லப் போகிறீர்கள். சொல்லுங்கள், எனக்குக் கோபம் வராது. நீங்கள் இதை என்னிடம் வந்து சொல்லியிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன், அதைவிடக் கூடவும் சொல்லியிருப்பேன்.

நான் கோப்பாயில் வாட்டர் பம்ப் திருத்துகிறவன். தோட்டக் கிணறு, வீட்டுக் கிணறு என்று இந்தப் பக்கத்தில் நான் எட்டிப் பார்க்காத கிணறு குறைவு. ஒருமுறை உடுவிலில் ஒரு வீட்டில், கிணற்றுக்குள் இருந்து இரவில் பெண் ஒருத்தி அழுகிறாள் என்று சொல்லி, பூசாரியைக் கூப்பிட்டு, தேசிக்காய் வெட்டி, அதற்கும் அடங்காமல் கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் மோட்டரின் பெயரிங் தேய்ந்து போய்க் கிடக்கிறது. மாற்றிக் கொடுத்தேன். அன்றிரவோடு அந்தப் பெண் அழுகையை விட்டுவிட்டாள். இதை நான் போகிற வீடெல்லாம் சொல்லிச் சிரிப்பேன். எந்தச் சத்தத்துக்கும் ஒரு காரணம் இருக்கும், காரணத்தைக் கண்டுபிடிக்கத் தெரியாதவன்தான் பேய் என்பான், இதுதான் என் கட்சி. அந்தக் கட்சியில் இருந்து நான் இன்னும் விலகவில்லை. ஆனால் ஒரே ஒரு சத்தத்துக்கு மட்டும் எனக்கு இன்றுவரை காரணம் அகப்படவில்லை.

இது நடந்து எட்டு வருசமாகிறது. ஆடி மாதப் பூரணை.

எங்களுக்குத் தாரணி ஒரே பிள்ளை. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். கல்யாணம் முடித்துக் கன காலம் பிள்ளை இல்லை. பிறகு இரண்டு தரம் வந்தும் தங்கவில்லை. இரண்டாம் தரம் ஆஸ்பத்திரியால் வந்து அவள் கிணற்றடியில் போய் இருந்த இருப்பு இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது, அதை விடுவோம். மூன்றாம் தரம் எட்டு மாதம் தாண்டிவிட்டது. பிள்ளைப்பேற்றுக்கு எங்கள் வீட்டுக்கு வந்து நின்றாள். மருமகனுக்குக் கொழும்பில் வேலை, கிழமை முடிவில் வந்து போவார். நாங்கள் மூன்று பேரும் வீட்டுக்குள் சத்தம் போட்டுச் சிரிக்கவும் பயந்து, மெல்ல மெல்ல நடந்துகொண்டிருந்த காலம் அது.

அதற்குள் வந்து சேர்ந்தது சந்திர கிரகணம்.

என் மனுசி பரமேசு சாதாரணமாகவே நாளும் கோளும் பார்க்கிறவள். வயிற்றுப்பிள்ளைக்காரி கிரகணம் பார்க்கக் கூடாது, நிலவு வெளிச்சம் மேலில் படக் கூடாது, ஒன்றையும் வெட்டக் கூடாது, கிரகணம் விடும்வரை சாப்பிடக் கூடாது, அசையாமல் படுத்துக் கிடக்க வேண்டும் என்று கிழமை முழுக்க ஒரே சட்டம். எங்கள் பக்கத்து வீடுகளில் இது புதுமை இல்லை, எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் எங்கள் வீட்டில் படுக்க வேண்டியவள் விஞ்ஞான ரீச்சர். அவளோ இந்த நூற்றாண்டிலேயே நீண்ட கிரகணம் இதுதான், பள்ளிக்கூடப் பிள்ளைகளையெல்லாம் பார்க்கச் சொல்லிப்போட்டு நான் மட்டும் போர்த்துக்கொண்டு படுக்கிறதோ என்று துள்ளினாள்.

"பிள்ளை, ரெண்டு தரம் பறிகுடுத்திட்டம்," என்றாள் பரமேசு. சண்டை பிடிக்கிற குரல் இல்லை அது. "மூண்டாந்தரம் நான் ஒண்டிலையும் பிழை விடமாட்டன். உனக்கு விசராத் தெரிஞ்சாலும் பரவாயில்லை. எனக்காகப் படு."

தாரணி என்னைப் பார்த்தாள். நான் மேசையில் கிடந்த பேப்பரைப் பார்த்தேன். அவள் பெருமூச்சு விட்டுவிட்டு, "சரியம்மா," என்றாள்.

ஆனால் எனக்கு ஒரு வேலை தந்துவிட்டாள். "அப்பா, எனக்குப் பதிலா நீங்கள் பாருங்கோ. ஒண்டையும் விடாமல் பாத்து நாளைக்குச் சொல்லவேணும்." அதற்காக அந்தக் கிழமை முழுக்க எனக்குப் பாடம் நடந்தது. விளக்கைக் கொளுத்தி வைத்து, தேங்காய் பூமி, தேசிக்காய் நிலா என்று மேசையில் உருட்டி உருட்டிக் காட்டினாள். தேங்காயின் நிழல் தேசிக்காயில் விழுகிறது, அவ்வளவுதான் கிரகணம், பாம்பும் இல்லை பல்லியும் இல்லை. எனக்கு அது ஏற்கெனவே கொஞ்சம் தெரியும். தெரியாதது, நிலா எங்கிருந்து வந்தது என்கிற கதை. பூமி புதிதாகக் கொதித்துக்கொண்டு கிடந்த காலத்தில், இன்னொரு உலகம், சின்னக் கல் இல்லை, செவ்வாய் அளவு உலகம் ஒன்று வந்து அதில் மோதினதாம். இரண்டும் உருகிச் சிதறினதில் மேலே போனதெல்லாம் பூமியைச் சுற்றிச் சுற்றி ஒன்றுசேர்ந்துதான் நிலா ஆனதாம். இப்படித்தான் அனேகமான விஞ்ஞானிகள் நினைக்கிறார்கள் என்றாள். நிலா எங்கிருந்தோ வந்த விருந்தாளி இல்லையப்பா, பாதிக்கு மேல் பூமியின் தசைதான் என்று அவள் சொல்லிக்கொண்டு வயிற்றைத் தடவினாள். சும்மா தடவினாள் என்றுதான் அப்போது நினைத்தேன்.

கிரகணத்தன்று பின்னேரம் பரமேசு தாரணியின் அறை யன்னலைச் சாத்தி, உள்பக்கத்தால் இரட்டை மடிப்பில் போர்வை தொங்கவிட்டு, அடியில் உள்ள வெடிப்புக்குப் பழைய சீலைத் துணி அடைத்து, ஒரு பொட்டு வெளிச்சம் போகாமல் செய்துவிட்டாள். தண்ணீர்க் குடத்தில், மாப் போத்தலில், ஊறுகாயில்கூடத் தர்ப்பைப் புல். என் தலையில் மட்டும்தான் வைக்கவில்லை.

படுக்கப் போகும்போது தாரணி சொன்னாள், "அம்மா, இண்டைக்குப் பிள்ளை பெரிசா அசையக் காணேல்லை."

"கிரகணம் பிடிக்கப் போகுதெல்லே. வயித்துப் பிள்ளைக்கும் தெரியும். அடங்கிக் கிடக்குது," என்றாள் பரமேசு, நெற்றியில் திருநீறு பூசிவிட்டுக்கொண்டு.

அது அந்த நேரம் எங்கள் மூன்று பேருக்கும் ஒரு ஆறுதலாகவே இருந்தது என்றால் நம்புவீர்களா? படித்தவளுக்கும்தான். களைத்துப் போயிருந்தாள். நல்லதாக ஒன்றைச் சொன்னால் மனம் பிடித்துக்கொள்ளுகிறது.

நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பிளாஸ்டிக் கதிரையோடு முற்றத்துக்குப் போனேன். மாமரத்துக்கும் பனைக்கும் நடுவில் நிலவு வடிவாகத் தெரிகிற இடம், பார்த்தால், அவளுடைய அறை யன்னலுக்கு நேர் வெளியே. அங்கேயே கதிரையைப் போட்டேன். பகல் முழுக்க அடித்த சோளகக் காற்று விழுந்துவிட்டது. வளவுக்குள் இடைக்கிடை ஒரு பனம்பழம் தொப்பென்று விழும், அடுத்த வீட்டு நாய் ஒருதரம் குலைத்துப்போட்டுப் படுக்கும். நிலவுக்குக் கிட்டச் சிவப்பாக ஒரு நட்சத்திரம். அதுதான் செவ்வாய், இந்த நாட்களில் பூமிக்குக் கிட்ட வந்திருக்குது, மறக்காமல் பாருங்கோ என்று சொல்லியிருந்தாள். பார்த்தேன்.

முதலில் ஓரத்தில் ஒரு ஊத்தை மாதிரித் தெரிந்தது. பிறகு அந்த ஊத்தை கருத்து, வளைந்து, உள்ளே உள்ளே வந்தது. உண்மையைச் சொன்னால் நான் இதற்கு முன் ஒரு கிரகணத்தையும் இருந்து பார்த்தவன் இல்லை. அந்த வளைவு எங்கள் பூமியின் விளிம்பு என்று நினைத்தபோது உடம்பு புல்லரித்தது. அந்த நிழலுக்குள் கோப்பாயும் கிடக்குது, என் வளவும் கிடக்குது, ஒருவேளை கதிரையோடு நானும் கிடக்கிறேன் என்று நினைத்து, கையைத் தூக்கி ஆட்டிக்கூடப் பார்த்தேன். ஒருவரும் பார்க்கவில்லை என்ற துணிவுதான்.

அப்போதுதான் யன்னலுக்குள் இருந்து கேட்டது.

"என்ன தெரியுது?"

திடுக்கிட்டுத்தான் போனேன். பிறகு சிரிப்பு வந்தது. ரீச்சரால் நித்திரை கொள்ள முடியவில்லை போல. "படுக்கேல்லையோ பிள்ளை?" என்று கேட்டேன். திரும்பவும், "என்ன தெரியுது?"

"அரைவாசி போட்டுது. ஆரோ கடிச்ச மாதிரி."

"ஆர் கடிச்சது?"

பாருங்கள், என்னைச் சோதிக்கிறாள் என்று நினைத்தேன். படிப்பித்துவிட்டுக் கேள்வி கேட்கிறது அவளுடைய வழக்கம்தானே. "ஒருத்தரும் கடிக்கேல்லை, எங்கடை நிழல்தான்," என்று நானும் நல்ல மாணவனாக விளங்கப்படுத்தினேன். தேங்காய், தேசிக்காய், விளக்கு, ஒன்றும் விடவில்லை. பரமேசு எழும்பிவிடுவாள் என்று மெல்லத்தான் கதைத்தேன். உள்ளிருந்து வந்த குரலும் மெல்லத்தான் வந்தது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவு.

நிலவு முழுவதும் மூடினதும் வளவு இருண்டுபோனது. அதுவரை மறைந்திருந்த நட்சத்திரங்களெல்லாம் பொலபொலவென்று வந்துவிட்டன. நிலவு அணையவில்லை, சிவந்தது. எரிந்துபோன மோட்டரைக் கழற்றினால் உள்ளே கொயில், அந்தச் செம்புக் கம்பிச் சுருள், ஒரு நிறத்தில் இருக்குமே, கறுப்பும் செம்பும் கலந்து, அந்த நிறம்.

"பாக்கப் பயமா இருக்கோ?" என்று கேட்டது உள்ளே.

"இல்லை பிள்ளை. வடிவு. சரியான வடிவு."

ஏன் சிவப்பு என்று நானே சொன்னேன், அவள் சொல்லித் தந்தபடி. இந்த நேரம் நிலவில் ஒருவன் நின்று பார்த்தால் பூமி வெயிலை மறைத்துக்கொண்டு கறுப்பாக நிற்கும், அதன் விளிம்பைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம் தெரியும். பூமியில் அந்த நேரம் எங்கெங்கே விடிகிறதோ, எங்கெங்கே பொழுதுபடுகிறதோ, அந்தச் சிவப்பெல்லாம் சேர்ந்துதான் போய் நிலவில் விழுகிறது. ஒரு நாள் முழுக்க எண்ணெய்க் கையோடு மோட்டருக்குள் தலையை விட்டுக்கொண்டு இருக்கிறவனுக்கு இதெல்லாம் சொல்லித்தர ஒரு மகள் கிடைத்திருக்கிறாளே என்று இருந்தது.

"நிலா எங்கையிருந்து வந்தது?"

அதையும் சொன்னேன். மோதினது, உருகினது, சிதறினது, சேர்ந்தது எல்லாம்.

பிறகு, "அப்ப பூமிக்கு நொந்ததோ?"

இப்படி ஒரு கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. சிரித்துக்கொண்டு, "நொந்திருக்கும். நோகாமல் ஒண்டு பிறக்குமே?" என்றேன்.

"பிறகு பூமி அதை விட்டிட்டுதோ?"

"விடேல்லை. பிடிச்சுக்கொண்டுதானே நிக்குது. வருசத்துக்கு நகம் வளருற அளவு தள்ளிப் போகுதாம், நீதானே சொன்னனி. ஆனால் கையை விடேல்லை."

ஒரு பனம்பழம் விழுந்தது. நாய் குலைக்கவில்லை.

"எனக்கும் பாக்கவேணும். வெளியிலை வரட்டோ?"

இதைக் கேட்டதும் எனக்கு மனம் கேட்கவில்லை. பிள்ளை எவ்வளவு ஆசைப்பட்டாள். பரமேசு எழும்பினால் நான் பேச்சு வாங்கிக்கொள்ளுகிறேன் என்று முடிவெடுத்து, "வா," என்றேன்.

"பயமில்லையோ?"

"என்ன பயம்? நான் இஞ்சை நிக்கிறன். நீ வா."

சொல்லிக்கொண்டே கதிரையை விட்டு எழும்பி நின்றேன். அப்போது குரல் மாறினது. மெலிந்து, கிணற்றின் அடியில் இருந்து வருகிற மாதிரி.

"ஏலாமல் கிடக்கு. கெதியா வாங்கோ."

நான் ஓடினேன். ரோச் லைட்டை அடித்துக்கொண்டு அறைக் கதவைத் தள்ளினால், கதவடியில் பாயில் பரமேசு நித்திரை. கட்டிலில் தாரணி இடப்பக்கமாகச் சரிந்து, வாய் கொஞ்சம் திறந்தபடி, அடித்துப் போட்ட மாதிரி நித்திரை. நித்திரை வேசம் போடுகிற ஆளை எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடம் போகாமல் இருக்க அவள் போடாத வேசமா? இது வேசம் இல்லை. உலுப்பி எழுப்பினேன்.

"என்னப்பா?"

"இப்ப என்னோடை கதைச்சனியெல்லே? யன்னலாலை?"

"நானோ? நான் படுத்த உடனை நித்திரையப்பா."

"ஏலாமல் கிடக்கு எண்டனியே."

அவள் என்னைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அவளுடைய கை தானாக வயிற்றுக்குப் போனது. அப்படியே இருந்தாள். கையை இடம் மாற்றி வைத்தாள். திரும்பவும் மாற்றினாள்.

"அப்பா," என்றாள். "பிள்ளை துடிக்கேல்லை. மத்தியானத்துக்குப் பிறகு துடிச்ச மாதிரியே தெரியேல்லை."

பரமேசு எழும்பிவிட்டாள். விசயம் விளங்கினதும் முதலில் அவள் வாயில் வந்தது, "கிரகணம் விடட்டும்." விட இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டாள். விடியப்புறம் ஆகும் என்றாள் தாரணி. "அவ்வளவு நேரம் ஏலாதம்மா," என்றாள், அழாமல், மிகவும் மெதுவாக.

என் மனுசியைப் பற்றி நான் எத்தனையோ பகிடி விட்டிருக்கிறேன். ஆனால் அந்த நேரம் அவள் செய்ததற்கு நான் சாகும்வரை நன்றியோடு இருப்பேன். அறை நடுவில் நின்று யன்னலைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். அவள் உயிர் முழுக்க நம்பின ஒன்று ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். அலுமாரியில் இருந்து கூறைச் சேலையை இழுத்தெடுத்து மகளின் தலையோடு போர்த்தினாள். "நடவுங்கோ," என்றாள் என்னைப் பார்த்து. "ஏன் மரம் மாதிரி நிக்கிறியள்?"

அடுத்த வீட்டுச் சிவம் ஓட்டோ ஓடுகிறவன். படலையில் நின்று கூப்பிட்டேன். அவன் மனுசி உள்ளிருந்து, கிரகண நேரம் வயித்துப்பிள்ளைக்காரியை வெளிக்கிடுத்துறதோ என்று கேட்டது எனக்கும் கேட்டது. அவன் மேலுக்கு ஒரு சேட்டுக்கூடப் போடவில்லை. "ஏறுங்கோ அண்ணை," என்றான். இன்றைக்கும் சிவம் வீட்டு மோட்டர் பழுதென்றால் நான் ஓடிப்போய் நிற்பேன், அவன் தருகிறதைக் கையால் தொடமாட்டேன், அவன் பேசுவான், அது வேறு கதை.

இருபாலை தாண்டி, கல்வியங்காடு தாண்டி ஓட்டோ பறந்தது. ஒரு சனம் இல்லை. நல்லூர்க் கோபுரம் வந்தபோது, கோயில் பூட்டி, கோபுரத்துக்கு மேலே அந்தச் சிவந்த நிலவு. நான் கும்பிட்டேன். நம்பாதவன் கும்பிட்டேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் தாரணி தலையில் கிடந்த சேலையை விலக்கி வெளியே எட்டிப் பார்த்தாள். பரமேசு தடுக்கவில்லை. மகளின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அவளும் பார்த்தாள்.

"எவ்வளவு வடிவு என்னம்மா," என்றாள் தாரணி, கண்ணீர் ஓட ஓட.

"ஓம் பிள்ளை," என்றாள் பரமேசு.

ஆஸ்பத்திரியில் இதயத் துடிப்புப் பார்த்த உடனேயே உள்ளே கொண்டு போய்விட்டார்கள். நாங்கள் வெளியில் நின்றோம். நிலவு கூரைக்கு மேலே இருந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன், வேறு என்ன செய்ய? சிவப்புக்கு ஓரத்தில் வெள்ளையாக ஒரு கீறல் விழுந்து, அது மெல்ல மெல்ல அகன்றுகொண்டு வரும்போது ஒரு தாதி வந்து, பொம்பிளைப் பிள்ளை, தாயும் பிள்ளையும் சுகம் என்றார். பிள்ளையின் கழுத்தில் தொப்புள்கொடி இரண்டு சுற்றுச் சுற்றி இறுகிக்கொண்டு வந்திருக்கிறது. பிறகு வந்த டொக்டர், சின்னப் பெண், களைத்துப்போய், "ஐயா, நல்ல நேரத்திலை கொண்டுவந்தனீங்கள்," என்றார்.

பரமேசு அழுதுகொண்டே என் காதுக்குள், "இஞ்சாருங்கோ, கிரகணத்தை நல்ல நேரம் எண்டு சொல்லுது டொக்டர்ப் பிள்ளை," என்றாள். நாங்கள் இரண்டு பேரும் அந்த இடத்தில் நின்று சிரித்தோம், அழுதோம், இரண்டையும் சேர்த்துச் செய்தோம். சிவமும் அழுதான், அவனுக்கு ஏன் வந்தது என்று தெரியவில்லை.

இனி என் வேலைக்கு வருகிறேன். சத்தம் என்றால் காரணம் கண்டுபிடிக்க வேண்டாமா? பிள்ளையும் தாயும் வீட்டுக்கு வந்த பிறகு, அந்த யன்னலை அன்றைக்கு மாதிரியே சாத்தி, போர்வை கட்டி, துணி அடைத்து, பரமேசுவைக் கட்டிலில் படுக்க வைத்துக் கதைக்கச் சொல்லிவிட்டு அதே கதிரையில் வெளியில் இருந்தேன். ஒரு சொல் கேட்கவில்லை. பிறகு அவள் கத்திப் பார்த்தாள், ஏதோ முணுமுணுப்பு மாதிரித்தான் வந்தது. மூன்று நான்கு இரவு இதே வேலை. உந்த மனுசனுக்கு என்ன பிடித்துவிட்டது என்று பரமேசு கடைசியில் வர மறுத்துவிட்டாள்.

தாரணி ஒரு விளக்கம் சொன்னாள். பிள்ளை அசையவில்லை என்று படுக்கும்போது அவள் சொன்னது என் மனதில் எங்கோ தைத்திருக்கும். கதிரையில் இருந்து கண் அயர்ந்த நேரம் அந்தப் பயம்தான் குரலாக வந்திருக்கும், மூளை அப்படிச் செய்யும் அப்பா என்றாள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். நானும் ஒத்துக்கொண்டேன். ஆனால் பாருங்கள், நீ கூப்பிட்ட மாதிரிக் கேட்டது என்று மட்டும்தான் அவர்களுக்குச் சொன்னேன். என்ன கேள்வி, என்ன பதில் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. கிழவன் இரவில் மூடின யன்னலுக்கு நிலாவைப் பற்றி வகுப்பெடுத்தான் என்று ஊருக்குள் கதை போனால் பிறகு என்னிடம் யார் மோட்டர் கொண்டு வருவார்கள்?

இன்னொன்றும் சொல்லவில்லை. என் மகள் வாய் திறந்தால் மூச்சுக்கு மூச்சு அப்பாதான். அன்றைக்கு யன்னலுக்குள் இருந்து வந்த குரல் ஒருதரம்கூட என்னை அப்பா என்று கூப்பிடவில்லை.

பேத்திக்கு ஆரணி என்று பெயர். போன வருசம் ஆவணிப் பூரணைக்குத் திரும்பவும் முழுச் சந்திர கிரகணம் வந்தது. அப்போது அவளுக்கு ஏழு வயது. இந்தமுறை பரமேசுவே முற்றத்தில் பாய் விரித்தாள். தர்ப்பையை மட்டும் விடவில்லை, குடத்தில் போட்டுவிட்டுத்தான் வந்து இருந்தாள். மகள், மருமகன், சிவம் குடும்பம் எல்லோரும் வந்து, பனங்காய்ப் பணியாரமும் தேத்தண்ணியுமாக வளவு கலியாண வீடு மாதிரி. கிரகணத்தில் சாப்பிடுறதோ என்று பரமேசு ஒருதரம் முணுமுணுத்தாள், பிறகு பிள்ளைக்கு அவளேதான் எடுத்துக் கொடுத்தாள்.

நிலவு சிவந்தது. நான் மேலே பார்த்துக்கொண்டு நினைத்தேன், எண்ண முடியாத காலத்துக்கு முன் அந்த உலகம் பூமியில் மோதாமல் பக்கத்தால் போயிருந்தால் இந்த நிலா இல்லை. நிலா இல்லாவிட்டால் கிரகணம் இல்லை, நான் அன்றிரவு அந்தக் கதிரையில் இருந்திருக்கவும் மாட்டேன், குறட்டை விட்டுக்கொண்டு கிடந்திருப்பேன். விடிய எழும்பி என்னத்தைக் கண்டிருப்போம் என்று நினைக்கவே நான் விரும்பவில்லை. அந்தப் பழைய அடிக்கு, அந்தப் பழைய நோவுக்கு நன்றி என்று மனதுக்குள் சொன்னேன்.

ஆரணி என் மடியில் சாய்ந்திருந்தாள். இருட்டு, சிவப்பு நிலவு. குனிந்து, "பயமா இருக்கோ பிள்ளை?" என்று கேட்டேன்.

"இல்லை," என்றாள், நிலவில் இருந்து கண்ணை எடுக்காமல். "நீங்கள்தானே, 'நான் இஞ்சை நிக்கிறன், நீ வா' எண்டு சொன்னீங்கள்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. "எப்ப சொன்னனான்?"

"யன்னலடியிலை," என்றாள். சொல்லிவிட்டு, "அம்மம்மா, இன்னொரு பணியாரம்," என்று கையை நீட்டினாள்.

வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. நான் அந்தப் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தேன், நிலவு வெளுக்கும் வரைக்கும். விடிய எழும்பின உடனே தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன், இரவு ஏதோ யன்னல் என்றாயே, எந்த யன்னல் என்று. "என்ன யன்னல், அம்மப்பா?" என்றாள். ஒளிக்கிற முகம் இல்லை, உண்மையிலேயே அவளுக்கு ஞாபகம் இல்லை. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டாள்.

நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு. தாரணி கேட்டால் இதற்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பாள், அதனால்தான் அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. அந்த அறை இப்போது நெல் மூட்டையும் பழைய மோட்டரும் போட்டு வைக்கிற அறை, யன்னல் எப்போதும் சாத்தித்தான் கிடக்கும். ஆனால் பூரணை இரவில் அந்தப் பக்கத்தால் போகும்போது, உள்ளே ஒருவரும் இல்லை என்று தெரிந்தும், ஒரு நிமிடம் நின்று, "நான் இஞ்சை நிக்கிறன் பிள்ளை," என்று சொல்லாமல் என்னால் தாண்டிப் போக முடியவில்லை.